வட ஆற்காடு என்ற அந்த ஒரு வரி

வணக்கம் நேயர்களே.

என் அம்மாவின் கல்யாணப் பத்திரிகையில் எங்கள் வீட்டு விலாசம் ‘ஆம்பூர், வட ஆற்காடு மாவட்டம்’. அக்கா பத்திரிகையில் வேலூர் மாவட்டம். அக்கா மகள் பத்திரிகையில் திருப்பத்தூர் மாவட்டம். வீடு ஒரு அடிகூட நகரவில்லை! 1989-இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. நம் பக்கம் வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆகி, அப்புறம் வேலூர் என்று பெயர் மாறியது. 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் அதிலிருந்து தனியாகப் போயின. பத்திரிகை அச்சடிப்பவருக்கு இதனால் ஒரு கஷ்டமும் இல்லை. கணக்கு சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிற எனக்குத்தான் தலைவலி வந்தது.

ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கிற ஒரு யூனிட்டுக்கு மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் கூலிக் கணக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அதில் மாவட்டத்துக்கு ஒரு டேபிள், ஊருக்கு ஒரு டேபிள், தைக்க வருகிறவர்களுக்கு ஒரு டேபிள். ஊர் டேபிளில் மாவட்டத்தின் பெயர் இருக்காது, அதன் கோடு, அதாவது அடையாளக் குறியீடு மட்டும் இருக்கும். அந்தக் கோடு மாவட்ட டேபிளில் கட்டாயம் இருந்தாக வேண்டும் என்று போடுகிற கட்டுப்பாடுதான் ஃபாரின் கீ. மாவட்டம் தாய், ஊர் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாவட்டம் பிரிந்ததும் ஆம்பூர், வாணியம்பாடி வரிகளில் திருப்பத்தூரின் கோடைப் போட்டேன். 1452 என்று எரர் வந்தது. இந்த எண் வந்தால் பிள்ளை வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், தாய் டேபிளைப் பாருங்கள். திருப்பத்தூர் என்ற வரியையே நான் இன்னும் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டைக்குப் போயின. பக்கத்திலேயே இருக்கிற பேரணாம்பட்டு மட்டும் வேலூரிலேயே நின்றுவிட்டது. அதையும் சேர்த்து மாற்றிவிட்டுப் பிறகு திருத்தினேன். அந்தத் தப்பை எந்த எரரும் சொல்லவில்லை, ஏனென்றால் கோடு சரியான கோடுதான், ஊர்தான் தப்பு.

1451 இதற்கு நேர் எதிர். தாயை அழிக்கப் போகிறீர்கள், பிள்ளை இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முதலில் பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். ‘ஆன் டெலீட் கேஸ்கேட்’ போட்டால் தொல்லை இல்லையே என்பார்கள். தொல்லை இருக்காதுதான், தாயோடு பிள்ளைகளும் சேர்ந்து அழிந்துவிடும். கூலிக் கணக்கில் அதை நான் போடவே மாட்டேன்.

மூன்றாவது வகை, கட்டுப்பாட்டைப் போடும்போதே வருவது. பழைய பதிப்புகளில் 1215 என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும், காரணம் சொல்லாது. அப்போது ‘ஷோ எஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸ்’ என்ற கட்டளையைக் கொடுத்து, அதில் ‘லேட்டஸ்ட் ஃபாரின் கீ எரர்’ என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். 8-ஆம் பதிப்பில் இணைக்கிற இரண்டு காலமும், அதாவது டேபிளின் நெடுக்குப் பத்திகள், பொருந்தவில்லை என்றால் 3780 என்று காலத்தின் பெயரோடு சொல்லிவிடுகிறது. நான் பார்த்ததில் பாதிக்கு மேல், தாய்ப் பக்கம் அன்சைன்டு இன்ட், அதாவது மைனஸ் வராத முழு எண், பிள்ளைப் பக்கம் மைனஸும் வரக்கூடிய வெறும் இன்ட். எழுத்துக் காலமாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே கேரக்டர் செட் என்ற எழுத்துத் தொகுதியும், ஒரே கொலேஷன் என்ற எழுத்தை ஒப்பிடும் முறையும் இருக்க வேண்டும்.

இனி என் சொந்த முட்டாள்தனம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களின் பட்டியலை எக்செல்லில் கொடுத்தார்கள். ஏற்றினால் 1452. நேரமாகிவிட்டது, ஃபாரின் கீயைச் சோதிக்கிற ‘ஃபாரின் கீ செக்ஸ்’ என்ற அமைப்பை 0 ஆக்கி நிறுத்தினேன், ஏற்றினேன், திரும்ப 1 ஆக்கினேன். எரர் இல்லை, நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டேன். சனிக்கிழமை கூலிப் பட்டியலில் நான்கு பெண்களின் பெயரைக் காணோம்.

காரணம் இதுதான். அந்தச் சோதனையைத் திரும்ப ஆன் செய்தால், ஆஃப் ஆக இருந்தபோது உள்ளே வந்த வரிகளை மைஎஸ்க்யூஎல் திரும்பிப் பார்ப்பதில்லை. ஊர்க் கோடு ‘07’ என்று இருந்ததில், முன்னால் இருந்த பூஜ்யத்தை எக்செல் தின்றுவிட்டிருந்தது. ‘7’ என்று ஒரு ஊர் கிடையாது. கூலிப் பட்டியல் ஊர் டேபிளோடு ஜாயின் ஆகி, அதாவது கோடு பொருந்துகிற வரிகள் மட்டும் சேர்ந்துதான் வரும், ஆகவே அந்த நான்கு பேரும் சத்தமில்லாமல் விடுபட்டுப் போனார்கள். வாரம் முழுக்க ஊசியோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் என்ன பதில் சொல்வது? கையெழுத்து நோட்டைப் பார்த்து அன்றே பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்ததை இங்கே சொல்ல வேண்டாம்.

இப்படித் தாயில்லாத வரிகளைக் கண்டுபிடிக்க லெஃப்ட் ஜாயின் போதும், அது பொருத்தம் இல்லாவிட்டாலும் இடப்பக்க டேபிளின் எல்லா வரிகளையும் காட்டும். பிள்ளை டேபிளை இடப்பக்கம் வைத்துத் தாயோடு சேருங்கள். பிள்ளையில் கோடு இருந்தும் தாய்ப் பக்கம் ‘நல்’ (NULL), அதாவது மதிப்பே இல்லாத வெற்றிடம் என்று வருகிற வரிகளை மட்டும் எடுங்கள். பிள்ளையின் கோடே ‘நல்’ என்று வெற்றிடமாக இருந்தால் அது தப்பில்லை, ஃபாரின் கீ அதை அனுமதிக்கும். பேக்கப்பைத் திரும்ப ஏற்றும்போது மைஎஸ்க்யூஎல்டம்ப் என்ற பேக்கப் கருவி எழுதிய ஃபைல் தானே சோதனையை நிறுத்திவைக்கிறது, டேபிள்கள் முன்பின் வரிசையில் வருமே, அதற்காக. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையால் திருத்திய எக்செல்லுக்கு அதே சலுகையைக் கொடுத்ததுதான் நான் செய்தது.

கடைசியாக ‘வட ஆற்காடு’ என்ற பழைய வரியை அழிக்கப் பார்த்தேன். 1451 வந்தது. தேடினால், காகித லெட்ஜரிலிருந்து ஏற்றிய ஒரு பழைய ரசீது அந்தக் கோடைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரசீது எழுதிய நாளில் ஆம்பூர் வட ஆற்காட்டில்தானே இருந்தது! அந்த வரியை அப்படியே விட்டுவிட்டேன்.

வணக்கம்.