கண்ணுக்கான கதையைக் காதுக்குச் சொல்வது

நேயர்களுக்கு வணக்கம்.

காமிக்ஸ், மிகுபுனைவு எனப்படும் ஃபேண்டசி, அறிவியல் புனைகதை, இவற்றிலிருந்து கிளைத்த விளையாட்டுகள், திரைப்படங்கள் என்று விரிந்து கிடக்கும் ஓர் உலகத்தை இன்று பலரும் கீக் கலாச்சாரம் என்ற பெயரால் அழைக்கிறார்கள். அந்த உலகத்தைப் பற்றிச் சில ஆண்டுகளாக நான் ஒரு பாட்காஸ்ட் நடத்தி வருகிறேன். வானொலியில் பேச அழைப்பு வந்தபோது தாய்வீட்டுக்குப் போவது போன்ற மகிழ்ச்சி எனக்கு ஏற்பட்டது. பாட்காஸ்ட் என்ற சொல்லே 2004-ஆம் ஆண்டில் ஒரு நாளிதழ்க் கட்டுரையில்தான் பிறந்தது. அடுத்த ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் அதற்கு இடம் கொடுத்த பிறகு வேகமாகப் பரவியது. ஆனால் ஒருவர் பேச, முகம் தெரியாத பலர் தத்தம் வேலைகளுக்கு நடுவே அதைக் கேட்கும் உறவை வானொலி அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உண்டாக்கி வைத்திருந்தது. நான் இன்று பேசப்போகும் சிக்கலுக்கு வழி தேடியபோதும் பழைய வானொலிதான் எனக்குக் கைகொடுத்தது.

அந்தச் சிக்கல் இதுதான்: காமிக்ஸ் கண்ணுக்காகப் படைக்கப்படுகிறது, பாட்காஸ்டிலோ கண்ணுக்கு வேலையே இல்லை. தொடங்கிய காலத்தில் இதை நான் பொருட்படுத்தவில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஒரு காமிக்ஸ் நூலைப் பற்றிப் பேசுவதற்கு ஓர் ஓவியரை அழைத்திருந்தேன். மேசைமேல் நூலை விரித்து வைத்துக்கொண்டு இருவரும் ஒன்றரை மணி நேரம் பேசினோம். முடித்தபோது இருவருக்கும் மனம் நிறைந்திருந்தது. மறுநாள் எடிட்டிங் செய்ய உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். "இந்தப் பக்கத்தைப் பாருங்களேன்" என்கிறேன் நான். "ஆமாம், அந்த மூலையில் வைத்திருக்கிறாரே, அங்கேதான் விஷயம் இருக்கிறது" என்கிறார் அவர். பிறகு இருவரும் சேர்ந்து வியக்கிறோம். எந்தப் பக்கம், எந்த மூலை, அங்கே வரையப்பட்டிருப்பது என்ன என்பதெல்லாம் ஒலிப்பதிவில் எங்குமே இல்லை. போதாக்குறைக்கு, படத்தைப் பார்க்கக் குனியும்போதெல்லாம் எங்கள் வாய் மைக்கை விட்டு விலகியிருக்கிறது. ஒரு சாண் தூரத்தில் தெளிவாக ஒலித்த குரல், மிக முக்கியமான வாக்கியத்தில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிட்டது. வண்டி ஓட்டிக்கொண்டோ பாத்திரம் துலக்கிக்கொண்டோ கேட்கும் ஒரு நேயருக்கு, பக்கத்து அறையில் இருவர் எதையோ பார்த்து மகிழ்கிறார்கள் என்பதற்கு மேல் அந்தப் பதிவிலிருந்து எதுவும் கிடைத்திருக்காது. நான் அதை வெளியிடவில்லை.

அதன் பிறகு ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். பேசப்போகும் நூலை விருந்தினரும் நானும் முந்தைய நாள் ஒரு முறைக்கு இரு முறை படித்துவிடுவோம். பதிவு தொடங்கும்போது நூல் மூடியிருக்கும். அதே ஓவியர் பெருமனத்தோடு மீண்டும் வந்தார். நூலில் ஒரு பக்கம் உண்டு. மனைவியைப் பறிகொடுத்த முதியவர் ஒருவர் வீடு திரும்புகிறார். ஆறு கட்டங்கள், வசன பலூன் ஒன்றுகூட இல்லை. பூட்டில் நுழையும் சாவி, திறக்கும் கதவு, மாடிப்படி, அலமாரியில் இரண்டு கோப்பைகள், அவற்றில் ஒன்றை மட்டும் எடுக்கும் கை. ஆறாவது கட்டத்தில்தான் அவர் முகம் வருகிறது. ஓவியர் இதைச் சொல்லி வந்தபோது, வீடு முழுவதும் நீல நிறத்தில் தோய்ந்திருந்ததாகச் சொன்னார். எனக்கும் அப்படித்தான் நினைவு இருந்தது. பதிவின் நடுவே நூலைத் திறந்து பார்த்தோம். நீலம் ஆறாவது கட்டத்தில் மட்டுமே இருந்தது. மற்ற ஐந்தும் வழக்கமான மஞ்சள் வெளிச்சத்தில்தான் இருந்தன. கடைசிக் கட்டத்தின் நிறம் எங்கள் நினைவில் பின்னோக்கிக் கசிந்து பக்கம் முழுவதையும் நனைத்திருந்தது. வண்ணம் தீட்டியவர் இதை எண்ணித்தான் ஐந்து கட்டங்கள் பொறுமையாக இருந்திருப்பார் என்று ஓவியர் சொன்னார். அடுத்த இருபது நிமிடம் அந்த நீலத்தைப் பற்றியே பேசினோம். நூல் விரிந்து கிடந்திருந்தால் அந்த உரையாடல் நடந்தே இருக்காது.

இந்தத் தேடலின்போதுதான் பழைய வானொலியின் பக்கம் திரும்பினேன். 1945 ஜூலையில் நியூயார்க் நகரில் நாளிதழ் விநியோகிப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதினேழு நாட்கள் நீடித்த அந்த வேலைநிறுத்தத்தால் செய்திகளோடு ஞாயிற்றுக்கிழமை காமிக்ஸ் பக்கங்களும் குழந்தைகளின் கைக்குப் போய்ச் சேரவில்லை. நகரின் மேயராக இருந்த ஃபியோரெல்லோ லாகார்டியா, நகராட்சியின் டபிள்யூ.என்.ஒய்.சி வானொலியில் தாம் வழக்கமாக ஆற்றிவந்த ஞாயிற்றுக்கிழமை உரையில், குழந்தைகளை அருகே அழைத்து, டிக் டிரேசி என்ற துப்பறிவாளரின் தொடர் உள்ளிட்ட காமிக்ஸ் தொடர்களை வாசித்துக் காட்டினார். பலூன்களில் இருந்த வசனங்களை நடித்து வாசித்ததோடு, படத்தில் யார் என்ன செய்கிறார் என்பதையும் சேர்த்தே சொன்னார். ஒரு பெருநகரத்தின் மேயர் தன் பதவியின் கனத்தைச் சற்று நேரம் இறக்கி வைத்துவிட்டுக் காகிதத்தில் இருக்கும் துப்பறிவாளருக்குக் குரல் கொடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. காமிக்ஸைக் காதுக்குக் கொண்டுவருவது அற்பமான வேலை என்று யாராவது சொன்னால் நான் முதலில் அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1940 பிப்ரவரியில், சூப்பர்மேன் அமெரிக்க வானொலிக்கு வந்துவிட்டார். காமிக்ஸில் பிறந்து இரண்டு ஆண்டுகள்கூட முழுமையாக ஆகாத கதாபாத்திரம் அவர். படத்தில் கிளார்க் கென்ட் என்ற பத்திரிகையாளர் கண்ணாடியைக் கழற்றி, சட்டையைத் திறந்தால் போதும், நமக்குப் புரிந்துவிடும். வானொலியில் கண்ணாடியும் இல்லை, சட்டையும் இல்லை. குரல் கொடுத்த பட் கோலியர் இதற்குக் கண்ட வழி மிக எளிமையானது: கென்ட்டாக மென்மையான, உயர்ந்த குரலில் தொடங்கும் வாக்கியத்தை, சூப்பர்மேனின் பெயரை உச்சரிக்கும் இடத்தில் ஆழமான குரலுக்கு இறக்கிவிடுவார். உடை மாறியது காதுக்குத் தெரிந்துவிடும். வானொலி காமிக்ஸிடமிருந்து வாங்கியதோடு நிற்கவில்லை, திருப்பியும் கொடுத்தது. சூப்பர்மேனை வலுவிழக்கச் செய்யும் கிரிப்டோனைட் 1943-இல் வானொலித் தொடரில்தான் முதலில் வந்தது. காமிக்ஸ் பக்கங்களுக்கு அது 1949-இல்தான் வந்து சேர்ந்தது. படத்தின் நகலாக மட்டும் ஒலி இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இங்கே எனக்கு நேர்ந்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். காமிக்ஸில் இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஒரு வெள்ளை இடைவெளி இருக்கும். கதையின் பாதி அந்த இடைவெளியில்தான் நடக்கிறது என்பதை ஸ்காட் மெக்கிளவுட் 1993-இல் வெளியான தமது நூலில், காமிக்ஸ் வடிவத்திலேயே, அழகாக விளக்கியிருக்கிறார். ஒரு கட்டத்தில் ஒருவன் கோடரியை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் இரவு நேர நகரமும் ஓர் அலறலும் மட்டுமே இருக்கின்றன. கோடரி இறங்கியதை ஓவியர் வரையவில்லை. படித்த நாம்தான் அதை இறக்குகிறோம். இதைப் பற்றிப் பேசும் எபிசோடில், "கோடரியை ஓங்குகிறான்" என்று சொல்லிவிட்டு என் விருந்தினர் வேண்டுமென்றே நிறுத்தி, சில விநாடிகளுக்குப் பிறகு, "நகரம், இரவு, ஓர் அலறல்" என்றார். அறையில் இருந்த எனக்கு உடல் சிலிர்த்தது. ஆனால் எடிட்டிங் மென்பொருளில் பேச்சுக்கு நடுவே வரும் மௌனங்களைத் தானாகவே வெட்டிவிடும் வசதி ஒன்று உண்டு. நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக அதை நான் முடுக்கி விட்டிருந்தேன். வெளியான பதிவில் ஓங்கிய கோடரியும் அலறலும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. அந்த வெள்ளை இடைவெளியை நானே அழித்துவிட்டேன். விருந்தினரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சரிசெய்த பதிவை மறுபடியும் ஏற்றினேன். அன்றிலிருந்து அந்த வசதியை நான் தொடுவதில்லை. பக்கம் திருப்புவதற்கும் இதே மதிப்பு உண்டு. இடமிருந்து வலமாகப் படிக்கும் நூல்களில், திடுக்கிட வைக்கும் படத்தை ஓவியர்கள் பெரும்பாலும் திருப்பியவுடன் வரும் இடப்பக்கத்தில் மறைத்து வைப்பார்கள். வலமிருந்து இடமாகப் படிக்கும், மாங்கா என்ற ஜப்பானிய காமிக்ஸில் அது வலப்பக்கத்துக்கு மாறும். பேசும்போது திருப்புவதற்குத் தாள் இல்லாததால், ஒரு மூச்சு இழுக்கும் நேரத்தை அதற்கென்று ஒதுக்குகிறேன்.

மிகுபுனைவுக்கு வந்தால் நிலைமை நேர்மாறாகிவிடுகிறது. அங்கே படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். ஆனால் திரைப்படங்கள் வந்த பிறகு எல்லோர் மனத்திலும் ஒரு நடிகரின் முகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விருந்தினர் ஒரு கதாபாத்திரத்தை வருணிக்கத் தொடங்கினால், அது நூலில் உள்ளதா, திரையில் பார்த்ததா என்று நான் ஒவ்வொரு முறையும் கேட்டுவிடுவேன். இது குற்றம் பிடிப்பதற்காக அல்ல. உர்சுலா லெ குவின் 1968-இல் எர்த்சீ வரிசையின் முதல் நாவலை எழுதியபோது, நாயகனான கெட் என்ற மந்திரவாதியைச் செம்பழுப்பு நிறத் தோல் கொண்டவனாகத் தெளிவாகவே படைத்திருந்தார். அந்நாளைய மிகுபுனைவு நாயகர்கள் அநேகமாக எல்லோரும் வெள்ளையர்கள். அப்படியிருந்தும் பின்னாளில் வந்த தொலைக்காட்சி வடிவத்தில் அவன் வெள்ளைத் தோலோடு வந்து நின்றான்; லெ குவின் அதை வெளிப்படையாகவே கண்டித்து எழுதினார். ஆகவே கெட்டைப் பற்றிப் பேசும்போது அவன் நிறத்தை நான் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால், கேட்பவர் தனக்குப் பழக்கமான ஒரு முகத்தை அங்கே கொண்டுவந்து வைத்துவிடுவார்.

பெயர்களின் உச்சரிப்பும் இதைச் சேர்ந்ததுதான். கண்ணால் படிக்கும்போது ஒரு பெயரை எப்படி ஒலிக்கிறோம் என்பது நமக்கும் நம் மனத்துக்கும் இடையிலான செய்தி. மைக்குக்கு முன்னால் அது ஊரறிந்ததாகிவிடுகிறது. டோல்கீனின் காவிய நாவலில் வரும் எல்ஃப் என்ற கற்பனை இனத்தின் தலைவர் ஒருவரைப் பல ஆண்டுகளாகச் 'செலெபோர்ன்' என்றே நான் படித்து வந்தேன். அந்தப் பெயர் ஆங்கிலத்தில் C என்ற எழுத்தில் தொடங்குகிறது. தாம் உருவாக்கிய மொழிகளில் அந்த எழுத்துக்கு எப்போதும் ககர ஒலிதான் என்று டோல்கீனே பின்னிணைப்பில் விதி வகுத்திருக்கிறார். எனவே அவர் கெலெபோர்ன். இப்போது ஒவ்வொரு எபிசோடுக்கு முன்பும் பெயர்களைத் தமிழில் எழுதி, உரக்கச் சொல்லிப் பழகுகிறேன். அதே சமயம், விருந்தினரோ நேயரோ வேறு விதமாக உச்சரித்தால் இடைமறித்துத் திருத்துவதில்லை. "இதுகூடத் தெரியாமலா ரசிகர் என்று சொல்லிக்கொள்கிறீர்கள்" என்ற தொனி இந்த உலகத்தில் நெடுங்காலமாக உலவுகிறது. அதைக் கேட்டு மனம் சுருங்கி, படிப்பதையே விட்டுவிட்டவர்களை நான் அறிவேன். என் நிகழ்ச்சியில் அந்தத் தொனி நுழைவதற்கு நான் இடம் கொடுப்பதில்லை. கதையின் முடிவைப் பேசும் இடத்துக்கு முன்னால் எச்சரித்துவிடுவதும் அப்படியொரு மரியாதைதான்.

கடைசியாகப் பதிவு செய்த எபிசோடு, ஷான் டான் 2006-இல் வெளியிட்ட தி அரைவல் என்ற நூலைப் பற்றியது. மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு, மொழி தெரியாத ஒரு நாட்டுக்குக் கப்பலேறும் ஒருவரின் கதை. நூல் முழுவதிலும் படிக்கக்கூடிய வசனமோ விவரிப்போ கிடையாது. பெயர்ப்பலகைகளில் இருக்கும் எழுத்துகள்கூட ஓவியர் கற்பனையில் உருவாக்கியவை. அந்த மனிதர் எதையும் படிக்க முடியாமல் தவிப்பதுபோல் நாமும் தவிக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. சொல்லே இல்லாத நூலைச் சொல்லால் மட்டும் எப்படிக் கொண்டுவருவது என்று ஒரு வாரம் யோசித்தேன். விருந்தினராக வந்தவர் தாமும் ஒரு காலத்தில் மொழி தெரியாத நாட்டில் வேலை தேடி இறங்கியவர். கப்பல் பயணத்தைக் காட்டும் இடத்தில் இரண்டு பக்கங்கள் நிறைய மேகங்கள் மட்டுமே சின்னஞ்சிறு கட்டங்களில் வரிசை வரிசையாக வரையப்பட்டிருக்கும். ஒரு மேகம் போல் இன்னொன்று இருக்காது. அந்தப் பக்கத்துக்கு வந்ததும் அவர் விளக்கம் எதுவும் சொல்லாமல், ஒவ்வொரு மேகமாக நினைவிலிருந்து சொல்லத் தொடங்கினார்: பஞ்சு போல் ஒன்று, கிழிந்த துணி போல் ஒன்று, மழையைச் சுமந்துகொண்டு ஒன்று, வெயில் ஓரம் கட்டிய ஒன்று. பதினைந்தாவது மேகத்திலோ பதினாறாவது மேகத்திலோ குரல் தழுதழுத்து நின்றுவிட்டார். நானும் பேசவில்லை. வெளியான பதிவில் அந்த மௌனம் பதினோரு விநாடி நீள்கிறது. அதன் பிறகு அவர் அடுத்த மேகத்தைச் சொல்கிறார்.

நன்றி, வணக்கம்.