எனக்குக் கதவைத் திறந்தது கல்லூரிதான்

நடுவர் அவர்களுக்கும், மழை வரும்போல இருந்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். 'கலைஞரை உருவாக்குவது குருவின் வீடா, கலைக் கல்லூரியா?' என்பது தலைப்பு. கல்லூரிதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை எந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கினார் என்று கேட்டார், நீங்களும் கை தட்டினீர்கள். நானும் நாகசுவரம் வாசிக்கிறவள்தான், அந்தப் பெயரைக் கேட்டால் என் கையும் தானாகக் கூப்பும். ஆனால் ஐயா, அவரை வளர்த்த அந்த வீடுகளுக்குள் யார் போக முடிந்தது, யார் போக முடியவில்லை என்பதையும் சேர்த்துத்தானே கேட்க வேண்டும்?

என் கதையைச் சொல்கிறேன். எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் ஊர்க் கோயிலில் சாயரட்சைக்கு, அதாவது மாலைப் பூஜைக்கு, நாகசுவரம் வாசிப்பவரிடம் அப்பா என்னை அழைத்துப் போனார். அவர் நல்ல மனிதர், எனக்கு மோர் கொடுத்தார், ஒரு கீர்த்தனை வாசித்தும் காட்டினார். அப்புறம் அப்பாவைப் பார்த்து, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குங்க இது? மூச்சும் பத்தாது. அதோட, எங்க வீட்டுப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவே எனக்கு நேரம் சரியா இருக்கு" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது அவர் வீடு, யாரை உள்ளே விடுவது என்பது அவர் இஷ்டம். வீடு என்றாலே அப்படித்தான், அந்த இடம்தான் என் வாதமே.

அடுத்த மாதம் அப்பா செய்தித்தாளில் ஒரு சின்ன அறிவிப்பைக் கத்திரித்துக்கொண்டு வந்தார். மாவட்ட அரசு இசைப்பள்ளி, மூன்றாண்டுப் படிப்பு, 12 வயது முதல் 25 வயது வரை சேரலாம், நாகசுவரம், தவில், தேவாரம் பிரிவுகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். அந்த விண்ணப்பப் படிவத்தில் என் தாத்தா என்ன வாசித்தார் என்று ஒரு கேள்வியும் இல்லை. சாதி என்று ஒரு கட்டம் இருந்தது, உண்மைதான், ஆனால் நடுவர் அவர்களே, காலங்காலமாக நம் வாசல்களில் சாதியைக் கேட்டது வெளியே நிறுத்துவதற்கு, அந்தப் படிவம் கேட்டது உள்ளே விடுவதற்கு. அங்கே மூன்று வருடம், அப்புறம் இசைக் கல்லூரி. இன்று இந்த மேடையில் நிற்கிறேன்.

இது என் ஒருத்தியின் கதை மட்டும் இல்லை. யேசுதாஸை எடுத்துக்கொள்ளுங்கள். கொச்சியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன், அப்பா நாடக நடிகர். அவர் முறையாகப் பாட்டுப் படித்தது திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியில், 1960இல் அங்கே கானபூஷணம் என்ற இசைப் படிப்பை முடித்தார். பிறகு திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் சேர்ந்து, பணமில்லாமல் பாதியில் விட்டார். குருவாயூர்க் கோயில் வாசல் அவருக்குத் திறக்கவில்லை, கல்லூரி வாசல் திறந்தது. எதிரணியில் ஒருவர் இப்போதே எழுந்து 'அவர் பிறகு செம்பை வைத்தியநாத பாகவதரிடம் போனாரே' என்பார். போனார். பெரிய குரு, பெரிய மனசு. ஆனால் செம்பை முன்னால் போய் உட்காரும் அளவுக்கு அந்தப் பையனைத் தயார் செய்த இடம் எது?

சரி, குருமார்கள் பக்கம் வருவோம். எதிரணியினர் ஏதோ கல்லூரியில் வெறும் சம்பளக்காரர்கள் இருந்ததுபோலவும், மகான்கள் எல்லாம் திண்ணையிலேயே இருந்துவிட்டதுபோலவும் பேசுகிறார்கள். சுவாதித் திருநாள் கல்லூரி 1939இல் தொடங்கியபோது முதல்வர் யார்? ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பிறகு செம்மங்குடி சீனிவாச ஐயர். சென்னையில் 1949இல் அரசு இசைக் கல்லூரி வந்தபோது முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். டைகர் வரதாச்சாரியார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தார், பிறகு சென்னைக் கலாக்ஷேத்ரா கலைப்பள்ளிக்கு வந்தார். கடல் கடந்து யாழ்ப்பாணம் மருதனார்மடத்து இராமநாதன் இசைக் கல்லூரிக்கு மகாராஜபுரம் சந்தானம் முதல்வராகப் போனார். நீங்கள் கும்பிடும் அதே குருமார்கள்தான் ஐயா, தங்கள் வீட்டைவிட்டு இறங்கிக் கல்லூரிக்கு வந்தார்கள். வீட்டில் இருந்தபோது நாலு பேருக்குக் கிடைத்தவர்கள், வந்த பிறகு ஒரு ஊருக்கே கிடைத்தார்கள்.

கலாக்ஷேத்ராவையும் சொல்ல வேண்டும். ருக்மிணி தேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆடக் கற்று, 1935 கடைசியில் அடையாற்றில் அரங்கேறினார், அடுத்த வருடமே பள்ளியைத் தொடங்கிவிட்டார். அதன் பிறகுதான் பரதம் நம் தெருப் பெண்கள் கற்கும் கலையானது. அந்த மாற்றத்தில், பரம்பரை பரம்பரையாக ஆடிவந்த குடும்பத்துப் பெண்கள் மேடையை இழந்தார்கள். அதை மறைத்துவிட்டுப் பேச எனக்கு மனமில்லை, அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அதற்குப் பரிகாரம் கதவை மறுபடி சாத்துவது இல்லையே, அவர்கள் பேத்திகளும் நுழையும்படி இன்னும் அகலமாகத் திறப்பதுதானே?

நாடகத்துக்கு வருகிறேன். அங்கே குருகுலம் என்றால், சிறுவர்களை வைத்தே நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனி. 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியது, டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகப் போய்ச் சேர்ந்தது அங்கேதான். சுவாமிகள் மாபெரும் ஆசிரியர், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கம்பெனிகளின் வழக்கம் என்ன? கம்பெனி எந்த ஊருக்குப் போகிறதோ அதுதான் பையனுக்கு வீடு. பாடி நடித்துக்கொண்டிருந்த பையனுக்கு ஒருநாள் மகரக்கட்டு வரும், குரல் உடையும். குரல் உடைந்தால் வேஷம் போகும், வேஷம் போனால் மதிப்பும் போகும். பதினாலு வயதில் 'இனி நீ பாட்டுக்கு ஆகமாட்டாய்' என்று கேட்ட பிள்ளையின் முகத்தை நினைத்துப் பாருங்கள். இன்று அதே சுவாமிகளின் பெயரில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது, இந்திரா பார்த்தசாரதி முன்னின்று வளர்த்தது. அங்கே பெண்கள் சேரலாம், குரல் உடைந்து தேறிய பிறகும் சேரலாம்.

சினிமாவில் குருகுலம் என்றால் உதவியாளர் வேலை. பெட்டி தூக்கி, லென்ஸ் துடைத்து, எத்தனையோ வருடம் கழித்து கேமரா வழியாக ஒருமுறை பார்க்கவிடுவார்கள். ஏன் அவ்வளவு தாமதம்? அவர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை. 400 அடி பிலிம் சுருள் ஓடுவது நாலரை நிமிடம்கூட இல்லை, ஒவ்வொரு அடியும் தயாரிப்பாளர் காசு. கற்றுக்கொள்கிறவன் தப்பு செய்ய அங்கே இடமே கிடையாது. தரமணியில் அரசு திரைப்படக் கல்லூரி என்ன செய்தது? பாழாகும் என்று தெரிந்தே மாணவன் கையில் பிலிமைக் கொடுத்தது. பி.சி. ஸ்ரீராம் அப்படிப் படித்து வந்தவர். 1986இல் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் கூடி 'ஊமை விழிகள்' எடுத்தபோது தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. ஏன், பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்த சிவாஜிராவ் 1973இல் சென்னைக்கு வந்து சேர்ந்தது, தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபை நடத்திய நடிப்புப் பள்ளியில்தான். அங்கே வைத்துத்தான் பாலச்சந்தர் அவரைப் பார்த்தார்.

'இளையராஜா எந்தக் கல்லூரி?' என்று எதிரணியில் ஒரு சகோதரி கேட்டார். தன்ராஜ் மாஸ்டர் என்ற ஒப்பற்ற ஆசிரியர் அவருக்குக் கிடைத்தார். கிடைத்தும், லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வையும் எழுதி கிட்டாரில் தங்கப் பதக்கம் வாங்கினார். தன்ராஜ் மாஸ்டர் கிடைக்காத இளையராஜாக்கள் எத்தனை பேர் நம் ஊர்களில் இருந்து மறைந்தார்களோ, அந்த எண்ணிக்கையை நாம் யாருமே சொல்ல முடியாது சகோதரி.

அவர்கள் சொன்ன ஒரு குறை நியாயமானது, மழுப்பமாட்டேன். 45 நிமிடத்தில் மணி அடிக்கும், தோடி ராகம் பாதியில் நிற்கும். நான் படித்த இடத்தில் ஒரு வருடம் தவிலுக்கு ஆசிரியரே இல்லாமல், நாங்கள் தாளத்தட்டை வைத்துக்கொண்டு கீர்த்தனை வாசித்துப் பழகினோம். வயிற்றெரிச்சல்தான். ஆனால் அந்தக் குறைக்கு நான் மனு போட முடிந்தது, பத்துப் பேர் சேர்ந்து போய்க் கேட்க முடிந்தது. குரு வீட்டில் குறை இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

இப்போது நான் பாடம் எடுக்கும் கல்லூரி ரொம்பச் சின்னது. இசை, ஊடகம், நிகழ்கலை மூன்றும் ஒரே முற்றத்தைச் சுற்றி. போன வருடம் ஒலிப்பதிவு படிக்கிற பையன் ஒருவன் என் வாசிப்பைப் பதிவு செய்ய வந்தான். எல்லோரும் செய்வதுபோல மைக்கை அணசுக்கு, அதாவது நாகசுவரத்தின் விரிந்த வாய்க்கு, நேராக வைத்தான். கேட்டுப் பார்த்தால் காது கிழிகிறது, சில சுரம் முட்டுகிறது, சில சுரம் காணவே காணோம். எனக்கு அடுத்த வகுப்பு, போய்விட்டேன். திரும்பி வந்தால் அவன் என் மாணவியை வாசிக்கச் சொல்லிக் கருவியைச் சுற்றிச் சுற்றிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். சத்தம் அணசு வழியாக மட்டும் வரவில்லை, விரல் எடுக்கிற துளைகள் வழியாகத்தான் பெரும்பாலும் வருகிறது என்று அவனாகவே கண்டுபிடித்து, மைக்கைத் தள்ளி, உயர்த்தி, உலவின், அதாவது குழலின், நடுப்பகுதியைப் பார்த்து வைத்தான். அன்றைக்குத்தான் என் வாசிப்பு எப்படி இருக்கிறது என்று நானே முதல்முறை ஒழுங்காகக் கேட்டேன். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்காரரோடு சண்டை போட்டே வாழ்நாளைக் கழித்த நாகசுவரக்காரர்கள் எத்தனை பேர்! அவர்கள் வீட்டுத் திண்ணையில் ஒலிப்பதிவு மாணவன் உட்கார்ந்திருக்கவில்லை. இங்கே முற்றத்தைத் தாண்டினால் அவன் இருக்கிறான், கூத்துப் படிக்கிற பிள்ளை இருக்கிறாள், கேமராவோடு ஒருவன் இருக்கிறான், ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியும். சின்னக் கல்லூரி என்று அதைக் குறைத்துச் சொல்லாதீர்கள், சின்னதாக இருப்பதால்தான் இது நடந்தது.

கடைசியாக ஒன்று. எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள், பன்னிரண்டு வயது முடிந்தது. ஊர்வலத்தில் தவில் அடித்தால் போதும், பின்னாலேயே போய்விடுவாள். அவள் வீட்டில் யாரும் எந்தக் கருவியும் தொட்டதில்லை. இந்த ஜூனில் சேர்வதற்கு இசைப்பள்ளி விண்ணப்பத்தை நிரப்பி, போட்டோ ஒட்டி வைத்திருக்கிறாள். கல்லூரி வேண்டாம், குருவின் வீடே போதும் என்று சொல்லும் எதிரணிப் பெரியவர்கள், அவளைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு வீட்டின் முகவரியை மட்டும் இந்த மேடையில் சொல்லிவிட்டுப் போகட்டும். நன்றி, வணக்கம்.