சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் சர்க்கரை ஏறி இறங்குமா?

நேயர்களுக்கு வணக்கம். மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுவோரிடமிருந்து மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. "பரிசோதனையில் சர்க்கரை நோய் இல்லை என்றுதான் வருகிறது. ஆனாலும் திடீரென்று கை நடுங்குகிறது, வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது. சர்க்கரை இறங்குகிறதோ?" வீட்டிலுள்ளவர்கள் இதை மனப்பிரமை என்று தள்ளிவிடுவார்கள். அது சரியல்ல.

நோயில்லாதவரின் இரத்தச் சர்க்கரையும் நாள் முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது, உணவுக்குப் பின் பெரும்பாலும் 140க்குள் ஏறி, சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். இந்த ஏற்ற இறக்கத்தில் மனத்துக்கும் பங்குண்டு. அச்சத்துக்கு உள்ளான பூனைகளின் சிறுநீரில் சர்க்கரை வெளிப்படுவதை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1911இலேயே காட்டினார். அது கணநேர அச்சத்தின் விளைவு. மனச்சோர்விலோ, எல்லோருக்கும் இல்லாவிட்டாலும் பலருக்கு, கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் நீண்ட நாள் கூடுதலாகச் சுரந்து, கல்லீரலைச் சர்க்கரை தயாரிக்கத் தூண்டுவதோடு, சர்க்கரையைக் குறைக்கும் ஹார்மோனான இன்சுலின் தசைகளில் செய்யும் வேலையையும் மந்தமாக்குகிறது. தூக்கம் கெட்டால் அந்த மந்தம் இன்னும் கூடும்.

மனச்சோர்வில் இருப்பவரின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். விடிந்து வெகுநேரமாகியும் எழ மனமில்லை, பசியும் இல்லை. நண்பகலில் யாரோ வற்புறுத்தியதால் இனிப்பான பானமும் நாலைந்து பிஸ்கட்டும் உள்ளே போகின்றன. சர்க்கரை விரைந்து ஏறுகிறது. இன்சுலினும் விரைந்து சுரக்கிறது. மூன்று மணி நேரம் கழித்து நடுக்கம் தொடங்குகிறது.

அந்த நடுக்கம் சர்க்கரை இறங்கியதால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? முடியாது. பதற்றத்திலும் நெஞ்சைப் படபடக்க வைக்கும் அட்ரினலின் என்னும் ஹார்மோன் சுரக்கிறது, சர்க்கரை குறையும்போதும் அதுவே சுரக்கிறது. ஆகவே உடலுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இதற்காகத்தான் விப்பிள் என்ற அறுவை மருத்துவரின் பெயரால் வழங்கும் மூன்று நிபந்தனைகள் இன்றும் பயன்படுகின்றன: அறிகுறி இருக்க வேண்டும், அதே நேரத்தில் அளந்தால் சர்க்கரை குறைவாக, வழக்கமாக 55க்குக் கீழே, இருக்க வேண்டும், சர்க்கரை உயர்ந்ததும் அறிகுறி மறைய வேண்டும். பிஸ்கட் தின்றதும் சரியாகிவிட்டது என்பது மட்டும் சான்றாகாது. உட்கார்ந்து நிதானமாக எதையாவது மெல்லும்போது பதற்றமும்தான் தணிகிறது.

எனவே, நடுக்கம் வரும் அந்த நேரத்திலேயே அளந்து, மணியையும் கடைசியாக உண்டதையும் குறித்து வையுங்கள். கையடக்கக் கருவி கொஞ்சம் முன்பின் காட்டும். குறைந்த அளவைக் காட்டினால் ஆய்வகத்தில் உறுதிசெய்ய வேண்டும். அங்கும் 55க்குக் கீழே என்று வந்தால், அதை மனச்சோர்வின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. மதுப் பழக்கம், முன்பு செய்த இரைப்பை அறுவை, அட்ரினல் சுரப்பிக் குறைபாடு, அரிதாகக் கணையக் கட்டி ஆகியவற்றைத் தேட வேண்டும். அட்ரினல் குறைபாடு தானே சோர்வையும் உற்சாகமின்மையையும் தரக்கூடியது என்பதால், அது மனச்சோர்வு என்றே எண்ணப்பட்டுத் தவறிப்போவதும் உண்டு.

மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்குத் தரப்படும் மிர்ட்டாசப்பின் பசியையும் எடையையும் கூட்டக்கூடும். சில நேரங்களில் கூடுதலாகத் தரப்படும் ஒலான்சப்பின் சர்க்கரையையே உயர்த்தக்கூடும். அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஒலான்சப்பின் போன்ற மருந்தைத் தொடங்கும் முன் ஒரு முறையும், சுமார் மூன்று மாதம் கழித்து மறுமுறையும், பின்னர் ஆண்டுக்கொரு முறையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்ப்பது வழக்கம். உங்களுக்கு அது பார்க்கப்படவில்லையானால், அடுத்த முறை செல்லும்போது மருத்துவரிடம் கேளுங்கள்.