உலகம் பிறந்த தேதி

(பெங்களூரு அல்சூரில், யுகாதிக்கு அடுத்த ஞாயிறு பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் எங்கள் எதிர்வீட்டுக் கன்னட அம்மா ஒரு கிண்ணத்தில் பேவு பெல்லா கொண்டுவந்து கொடுத்தார். வேப்பம்பூ, கொஞ்சம் தளிர், வெல்லம். "பிரம்மா இன்னிக்குத்தான் உலகத்தைப் படைச்சார், சாப்பிடுங்க" என்றார். நாக்கில் முதலில் வெல்லம்தான் தெரிந்தது. கசப்பு நிதானமாக வந்தது.

அவர் சொன்னது பிரம்ம புராணத்தில் இருப்பதுதான்: சைத்ர மாத வளர்பிறைப் பிரதமை. சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூலைத் திறந்தால் கதை வேறு. கல்பம், அதாவது பிரம்மாவின் ஒரு பகல், தொடங்கி, படைத்து முடிக்கவே பிரம்மாவுக்கு 47,400 தேவ வருஷம் பிடித்ததாம். ஒரு தேவ வருஷம் நமக்கு 360 வருஷம். பெருக்கிப் பாருங்கள்: 1 கோடியே 70 லட்சத்து 64 ஆயிரம். (நம்மூர் மேம்பாலம் யாருக்கும் ஞாபகம் வர வேண்டாம்.)

அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் கி.மு. 4004, அக்டோபர் 23 என்றார். அவரைக் கேலி செய்வது சுலபம். நான் செய்ய மாட்டேன். இன்னார் இத்தனை வயதில் இன்னாரைப் பெற்றார் என்று பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில் வரிசையாக இருக்கிறது. அவர் அதைக் கூட்டினார், பாபிலோனிய அரசர்களின் காலத்தோடு பொருத்தினார். சிக்கல் பிரதியில் இருக்கிறது. எபிரேயப் பிரதியில் சேத் பிறக்கும்போது ஆதாமுக்கு வயது 130. கிரேக்க மொழிபெயர்ப்பில் 230! இப்படித் தலைமுறைக்கு நூறு நூறாக ஏறியதில், கிரேக்கப் பிரதியை நம்பிய பைசாந்தியர்களுக்கு, அதாவது கிழக்கு ரோமப் பேரரசின் மக்களுக்கு, உலகம் கி.மு. 5509இலேயே பிறந்துவிட்டது. ரஷ்யர்கள் 1700 வரும்வரை அந்தக் கணக்கில்தான் ஆண்டு போட்டார்கள். யூதர்களுக்கோ கி.மு. 3761.

மாதத்திலும் சண்டை உண்டு. யூத குருமார்களின் வாதங்களைத் தொகுத்த தல்மூதில் ரபி (குரு) எலியேசர் இலையுதிர் காலத் திஷ்ரி என்கிறார். ரபி யோசுவா வசந்தத்து நிசான் என்கிறார். இரண்டு பேச்சும் ஏட்டில் அப்படியே இருக்கின்றன. திஷ்ரி யூதர்களின் வருஷப் பிறப்பு; நிசான் அவர்கள் மாதங்களை எண்ணத் தொடங்கும் மாதம். பைசாந்தியர்கள் சொன்ன செப்டம்பர் 1, அவர்களுடைய வரிக்கணக்கு தொடங்கும் நாள். யுகாதி நம் அக்கம்பக்கத்தாரின் வருஷப் பிறப்பு. அவரவர் புதுக்கணக்கு போடும் நாளில்தான் அவரவர் உலகமும் பிறக்கிறது என்பது என் கட்சி.

எதிர்வீட்டம்மா கேட்டார்: "உங்க வருஷப் பிறப்பு எப்போ?"

"சித்திரை ஒண்ணு, ஏப்ரல் 14. எங்களுக்குச் சூரியக் கணக்கு."

"அப்போ உங்க பிரம்மா லேட்டா?"

கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாதே. அது இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. சித்திரை முதல் நாள், வேப்பம்பூ போட்ட மாங்காய்ப் பச்சடியோடு போகும்.