அம்பைத் திட்டாதீர்கள், தகட்டை மாற்றுங்கள்

வணக்கம். முதலில் இந்தக் காகிதத்தைப் பாருங்கள். கேமராவுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவருகிறேன். நடுவில் அம்பு முனை துளைத்த வட்டம். அதிலிருந்து மூன்று பக்கமும் இறகுகள் கிழித்த கோடுகள், மூன்றும் ஒரே நீளம். அம்பு நேராகப் போனால் இப்படித்தான் கிழியும். இதைப் பார்க்கத்தான் காகிதத்தில் எய்கிறோம். இந்தக் காகிதச் சோதனை முடிந்ததும் நான் எதையும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். இதை மட்டும் சுவரில் ஒட்டப் போகிறேன், யார் சிரித்தாலும் கவலையில்லை.

ரெஸ்ட் என்றால் வில்லில் அம்பைத் தாங்கி நிற்கும் பாகம். சென்ற வீடியோவில், எய்ததும் கீழே விழுந்துவிடும் டிராப் அவே ரெஸ்டைக் கழற்றிவிட்டு, தகட்டால் தாங்கும் பிளேடு ரெஸ்டை மாட்டினேன் அல்லவா? அதே வில், 500 எண் போட்ட அதே அம்பு. ஆறடி தூரத்திலிருந்து காகிதத்தில் எய்தால், முனை துளைத்த இடத்துக்கு ஓர் அங்குலம் மேலே வால் கிழித்தது. உடனே உங்களில் பலரும் ஒரே குரலில் எழுதிவிட்டீர்கள்: "500 மெலிசு, 400 வாங்குங்கள்." அதாவது, அம்பின் விறைப்பு போதாதாம். அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. நேற்றுவரை நேராகப் போன அம்பு, ரெஸ்டை மாற்றியதும் ஒரே இரவில் மெலிந்துவிடுமா?

அந்த எண் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். அம்புத் தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் வைத்து, நடுவில் 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம் எடையைத் தொங்கவிடுகிறார்கள். தண்டு அரை அங்குலம் தொய்ந்தால் 500. அங்குலத்தில் 0.4 தொய்ந்தால் 400. எண் குறையக் குறைய விறைப்பு கூடும். மேசை மேல் அசையாமல் கிடக்கும் தண்டின் கணக்கு இது, அவ்வளவுதான். வில்லில் பூட்டி விட்டால் கதை வேறு. தண்டை வெட்டினால் அம்பு விறைப்பாக நடந்துகொள்ளும். முனையின் எடையைக் கூட்டினால் துவண்டு நடந்துகொள்ளும். இழுவை எடையை, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் விசையைக் கூட்டினாலும் அப்படியே.

எந்த அம்பு வாங்கலாம் என்று சொல்லும் அட்டவணைகளில் எனக்கு இருக்கும் கோபம் இதுதான். இழுவை எடை கேட்கும், அம்பின் நீளம் கேட்கும், முனை எத்தனை கிரெயின் (அம்பு முனையை நிறுக்கும் சிறிய எடை அலகு) என்று கேட்கும், சிலவற்றில் கேம், அதாவது வில்லின் நுனிச் சக்கரம், எந்த வகை என்றுகூடக் கேட்கும். ரெஸ்ட் எது என்று நான் பார்த்த எந்த அட்டவணையும் கேட்டதில்லை.

நீளம் என்றதும் நினைவுக்கு வருகிறது. அம்பின் வாலில் நாணைக் கவ்வும் துண்டுக்கு நாக் (nock) என்று பெயர். அதன் பள்ளத்திலிருந்து தண்டு முடியும் இடம்வரை அளக்க வேண்டும். முனையைச் சேர்க்கக் கூடாது. என்னுடையது 28.5 அங்குலம், முனை 120 கிரெயின். இழுவை எடை 52 பவுண்டு. லிம்பில், அதாவது வில்லின் வளையும் கையில், 60 என்றுதான் அச்சடித்திருக்கிறது, அதை நம்பாதீர்கள், தராசில் மாட்டிப் பாருங்கள்.

சரி, ரெஸ்டுக்கு வருவோம். விரலால் நாணை விடுபவர்களுக்கு அம்பு பக்கவாட்டில் நெளியும். நாம் காம்பவுண்டில், அதாவது சக்கரம் வைத்த வில்லில், நாணைப் பிடித்து விடும் ரிலீஸ் கருவியால் விடுகிறோம். நமக்கு நெளிவு பெரும்பாலும் மேலும் கீழுமாகத்தான். டிராப் அவே ரெஸ்ட் அம்பைச் சற்று தூரம் தாங்கிவிட்டுக் கீழே விழுந்துவிடும். அதற்குமேல் அம்பு எப்படி நெளிந்தாலும் இடிக்க அங்கே எதுவும் இல்லை. பிளேடு ரெஸ்ட் அப்படியில்லை. அம்பு போய் முடியும்வரை அடியிலேயே நிற்கும். அது மெல்லிய ஸ்பிரிங் எஃகுத் தகடு. அம்பு நெளிந்து கீழே அழுத்தினால் தகடு தாழும், பிறகு திருப்பி உதைக்கும். அம்பும் ஒரு ஸ்பிரிங், தகடும் ஒரு ஸ்பிரிங். ஒன்றை மட்டும் பார்த்து அம்பு வாங்கினால் எப்படி?

வால் மேலே கிழித்தால் முதலில் செய்ய வேண்டியது நாக் புள்ளியை, அதாவது நாணில் அம்பைப் பூட்டும் இடத்தைச் சற்று இறக்குவது, அல்லது ரெஸ்டைச் சற்று ஏற்றுவது. நான் ரெஸ்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். கிழிசல் அசையவே இல்லை. அடுத்தது இறகு உரசுகிறதா என்ற சந்தேகம். தகட்டிலும் இறகுகளிலும் பாதத்துக்குப் போடும் பவுடரைத் தெளித்து எய்தேன். இறகுகளில் பவுடர் கலையாமல் அப்படியே இருந்தது. தகட்டின் நுனியில் தண்டு உரசிய கோடு மட்டும்தான். ஆக உரசல் இல்லை. மிச்சம் உதைப்புதான்.

ரெஸ்டோடு வந்த தகட்டின் தடிமன் 0.012 அங்குலம். அதைக் கழற்றி 0.010 தகட்டை மாட்டினேன். கோணத்தை மாற்றவில்லை, இரண்டுக்கும் கோணமானி வைத்து 30 டிகிரிதான். தகட்டைச் செங்குத்தாக்க ஆக்க அதுவும் விறைப்பாகிவிடும், பிறகு எதனால் மாற்றம் வந்தது என்றே தெரியாது. மாட்டி எய்தேன். முதல் அம்பே நீங்கள் பார்த்த இந்தக் காகிதம்!

இரண்டு தகட்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 0.05 மில்லிமீட்டர். இதோ இரண்டையும் விரலிடுக்கில் பிடித்திருக்கிறேன், உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது, எனக்கும் முடியாது. ஆனால் நுனியை நகத்தால் தட்டிப் பாருங்கள். ஒன்று 'டிங்' என்று எகிறுகிறது, மற்றது நிதானமாக மடங்கி எழுகிறது. தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 0.012 என்பது 0.010-ஐப் போல 1.2 மடங்கு. 1.2 × 1.2 × 1.2 பெருக்குங்கள், 1.728. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தடிமனில் ஒன்றே முக்கால் மடங்கு விறைப்பு ஒளிந்திருக்கிறது. ஒரு கார்பன் அம்பின் விலைக்கு இந்தத் தகடுகள் கைநிறைய வரும். என்னை ஒரு டஜன் அம்பு வாங்கச் சொன்னீர்களே!

ஆர்வக்கோளாறில் 0.008-ஐயும் மாட்டிப் பார்த்தேன். நாணை இழுக்கும்போதே அம்பு தலையாட்டியது. 120 கிரெயின் முனையின் பாரத்தை அது தாங்கவில்லை. ஒவ்வொரு காகிதமும் ஒவ்வொரு விதமாகக் கிழிந்தது. அது இலகுவான அம்புக்காரர்களுக்கு.

சொல்ல விட்டுப்போனது ஒன்று. தகட்டை மாற்றுவதற்கு முன் முனையை 100 கிரெயினாகக் குறைத்தும் எய்தேன். கிழிசல் பாதியானது. அம்பு சற்று விறைப்பாகிவிட்டது, காரணம் அதுதான். வேறு தகடு கிடைக்காதவர்கள் அந்த வழியில் போகலாம். எனக்கு இலகு முனை பிடிக்காது. 50 மீட்டரில் காற்று வீசினால் கனமான முனைதான் என் பக்கம் நிற்கும். வேகத்தைப் பெருமை பேசுகிறவர்கள் பேசட்டும், காம்பவுண்டில் அங்கே 10 புள்ளி வட்டத்தின் குறுக்களவு 8 சென்டிமீட்டர், அதற்குள் போனால் எனக்குப் போதும்.

உங்கள் அம்பு உண்மையிலேயே மெலிசாக இருந்தால் எந்தத் தகடும் காப்பாற்றாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 60 பவுண்டு வில்லில் 700 தண்டைப் பூட்டிவிட்டுத் தகடு தேடாதீர்கள், தண்டு முறிந்து கையில் ஏறும். டிராப் அவே ரெஸ்டில் திருப்தியாக எய்கிறவர்களும் அப்படியே எய்யுங்கள். எனக்குக் கயிறு கட்டி அசையும் பாகங்களில் நம்பிக்கையில்லை, அது என் பிடிவாதம். தூரிகை மயிர் வளையத்துக்குள் அம்பைச் செருகும் ரெஸ்டைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். ஒவ்வொரு எய்தலிலும் இறகை மயிருக்குள் இழுத்துப் போவதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மூன்று இறகு அம்பென்றால், நிறம் மாறியிருக்கும் அந்த ஒரு இறகு மேல்நோக்கி இருக்கட்டும், கீழ் இறகுகள் இரண்டும் தகட்டின் இருபுறமும் தாண்டிப் போகும். தகடு களைத்து விரிசல் விடும், அதனால் மாட்டிய தேதியை மார்க்கர் பேனாவால் அதன் அடிப்பக்கத்தில் எழுதிவிடுங்கள். உதிரித் தகடு ஒன்றும் பையில் இருக்கட்டும். அதே தடிமனில்.