மின் கேத்தல் தானாக நிற்பது எப்படி?

[காட்சி: கொழும்பு, வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பின் சமையலறை. மேடையில் ஒரு கேத்தல். அதன் அடித்தட்டிலிருந்து சுவருக்குச் செல்லும் வயர்.]

வணக்கம். கேத்தலில் தண்ணீர் கொதித்ததும் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது, சிவப்பு விளக்கு அணைகிறது, நாம் பிளேன்ரீ ஊற்றப் போகிறோம். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டவர், வீட்டில் கேத்தலால் வரக்கூடிய தொல்லைகளில் பெரும்பாலானவற்றைத் தாமே தவிர்த்துக்கொள்வார். அதனால் இந்த வீடியோவில் அந்தச் சத்தத்திலிருந்தே தொடங்குகிறோம்.

[காட்சி: மூடி திறந்த கேத்தலின் உட்பக்கம், மிக அருகில்.]

மூடியைத் திறந்து, கைபிடி இருக்கும் பக்கத்தின் உட்சுவரைப் பாருங்கள். மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளையோ பிளவோ தெரியும். தண்ணீர் கொதிக்கும்போது மேலே திரளும் ஆவி அதன் வழியாகப் புகுந்து, சுவிட்சுக்குப் பின்னாலுள்ள ஒரு சிறிய உலோகத் தகட்டை அடைகிறது. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு அது. சூடு ஏறியதும் ஒரு பக்கம் அதிகமாக விரிவதால், அது சட்டென்று மறுபுறம் வளைந்து சுவிட்சைத் தள்ளிவிடுகிறது. நாம் கேட்கும் ‘டக்’ அதுதான். ஆவியைக் கொண்டு தானாக நிற்கும் கேத்தலை இங்கிலாந்தின் ரசல் ஹொப்ஸ் நிறுவனம் 1955இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிற்காலத்தில் இங்கிலாந்துக்கு அருகிலுள்ள மான் தீவின் (Isle of Man) ஸ்ட்ரிக்ஸ் நிறுவனத்தின் ஜோன் டெய்லர் இந்தத் தகட்டுப் பொறிமுறையை மேலும் செம்மைப்படுத்தினார்.

கேத்தலை நிறுத்துவது ஆவி என்பதால், மூடி சரியாக மூடாவிட்டால் ஆவி மேலே போய்விடும், தகடு சூடாகாது, கேத்தலும் நிற்காது. எங்கள் வீட்டில் இதை அனுபவித்தோம். மூடியின் பூட்டுத் தளர்ந்து ஒரு விரல் அளவு திறந்தபடியே நின்றது. இதனால் என்ன வந்துவிடப்போகிறது என்று நாங்களும் சில வாரங்கள் அப்படியே பாவித்தோம். ஒரு நாள் காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தொலைபேசி அழைப்பில் பேசிவிட்டு அம்மா திரும்பியபோது தண்ணீர் பாதிக்கு மேல் வற்றியிருந்தது. மேலே இருந்த அலுமாரியின் அடிப்பலகை ஆவி குடித்து ஊதிப்போயிருந்தது. அன்றைக்கே அந்தக் கேத்தலை ஒதுக்கினோம். மூடி பூட்டாத கேத்தலைப் பாவிக்க வேண்டாம் என்று உங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

தண்ணீர் முழுவதும் வற்றினால், அடியிலுள்ள இன்னொரு தகடு அளவுமீறிய சூட்டை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். இது கடைசிக் காவல் மட்டுமே. அப்படி நின்ற கேத்தலில் உடனே குளிர்ந்த தண்ணீரை ஊற்றாமல், சுவர் சுவிட்சை அணைத்து, நன்றாக ஆறவிட்ட பிறகே நிரப்ப வேண்டும். குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இருந்தால் இந்த நிலை விரைவில் வரும். அதிகபட்சக் கோட்டைத் தாண்டினால் கொதிக்கும்போது வாய்வழியாகத் துள்ளி வெளியேறும்.

[காட்சி: சுவரில் பழைய வட்டப் பின் பிளக் பொயின்ற், அதன் அருகே சதுரப் பின் பொயின்ற்.]

இப்போது சுவருக்கு வருவோம். நான் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்தைப் பற்றித்தான். வயரில்லாக் கேத்தல் என்று சொன்னாலும் வயர் போய்விடவில்லை, அடித்தட்டுக்கு இடம்மாறியிருக்கிறது. 2000 வாற்றுக் கேத்தல் ஒன்று 230 வோல்ற்று மின்சாரத்தில் ஏறத்தாழ 8.7 அம்பியர் இழுக்கும். 1500 வாற்றுக் கேத்தலும் 6.5 அம்பியர் இழுக்கும். இலங்கையின் தேசிய நியமம் இன்று 13 அம்பியர் சதுரப் பின் என்றாலும், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பழைய வீடுகளின் சுவர்களில் 5 அம்பியர் வட்டப் பின் பொயின்ற்றுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஓர் அடப்டரை மாட்டிக் கேத்தலைப் போடுவது, தாங்க முடியாத சுமையை ஏற்றுவதாகும். முதலில் பிளக் சுடும், பிறகு பிளாஸ்டிக் பழுப்பாகும், அதன் பிறகு கருகிய மணம் வரும். அந்த மணம் வரும்வரை காத்திருக்காதீர்கள். கேத்தலைப் பாவித்து முடித்ததும் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, அதைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத அளவு சூடாக இருந்தால் வயரிங் வேலை தெரிந்த ஒருவரிடம் அந்தப் பொயின்ற்றைக் காட்டுங்கள். கேத்தலுக்கு நீட்டிப்பு வயரும் வேண்டாம்.

கரையோரத்தில் வசிப்பவர்கள் அடித்தட்டின் நடுவிலுள்ள இணைப்பையும் அவ்வப்போது பார்க்க வேண்டும், ஏனெனில் உப்புக் காற்று அந்த உலோகத்தைக் கருக்கச் செய்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் சிந்தியிருந்தால், பிளக்கைக் கழற்றி, முற்றாகக் காய்ந்த பிறகே கேத்தலை வையுங்கள்.

[காட்சி: இருட்டிய சமையலறை. கேத்தலின் சுவிட்ச் இன்னும் அழுத்தியபடியே இருக்கிறது.]

2022ஆம் ஆண்டின் எரிவாயுத் தட்டுப்பாட்டில் கேத்தலை நம்பியிருந்த வீடுகளுக்கு அதே ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளும் நினைவிருக்கும். தண்ணீர் கொதிக்கும் முன்பே கரண்ட் போய்விட்டால் சுவிட்ச் அழுத்தியபடியே நின்றுவிடும். அந்த இடைவெளியில் யாராவது தண்ணீரை ஊற்றி எடுத்துக்கொண்டு வெறும் கேத்தலை அடித்தட்டில் வைத்துவிட்டால், கரண்ட் வந்தவுடன் அது தானாகச் சூடேறத் தொடங்கும். ஆகவே கரண்ட் போனவுடன் சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறத்தாழ 0.1 அலகு மின்சாரம் செலவாகும். இரண்டு பேருக்குத் தேநீர் வேண்டுமானால் இரண்டு கோப்பைக்கான தண்ணீரைக் குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலாக ஊற்றினால் போதுமே. கேத்தலை நிரப்பி, ஆறவிட்டு, மறுபடி கொதிக்கவைக்கத் தேவையில்லை. குடிப்பதற்குக் கொதித்தாறிய நீர் வேண்டியவர்கள் மட்டும் முழு அளவில் கொதிக்கவைத்து மூடிய பாத்திரத்துக்கு மாற்றலாம். பாலை இதில் காய்ச்ச வேண்டாம். அது பொங்கி ஆவித் துளைக்குள் புகும், அடியிலும் தீயும். பால்மாவைக் கோப்பையிலேயே கரைத்துக்கொள்ளுங்கள்.

சிறுவர்கள் உள்ள வீட்டில் வயர் மேடை விளிம்பில் தொங்கக் கூடாது. சுடுநீர் பட்டுவிட்டால் பற்பசையோ வெண்ணெயோ பூசாமல், ஓடும் குழாய் நீரில் 20 நிமிடங்கள் பிடித்து, காயம் பெரிதென்றால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

[காட்சி: கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு, பக்கத்தில் வெட்டிய தேசிக்காய்.]

களனி ஆற்றிலிருந்தும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் கொழும்புக்கு வரும் குழாய் நீர் மென்மையானது. இங்கே கேத்தலின் அடி நீண்ட காலம் பளிச்சென்றிருக்கும். அதே கேத்தலை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனால், சுண்ணாம்புக்கல் நிலத்தின் கிணற்று நீர் சில வாரங்களிலேயே வெள்ளைப் படிவைச் சேர்த்துவிடும். படிவு தடித்தால் அடிப்பகுதியின் சூடு தண்ணீருக்குச் சரியாகச் சேராது. கொதிக்க நேரமாகும், சத்தமும் கூடும். பாதியளவு தண்ணீரில் இரண்டு தேசிக்காயின் சாற்றைப் பிழிந்து, ஒருமுறை கொதிக்கவைத்து, அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். கத்தியால் சுரண்டக் கூடாது. பிறகு நன்றாக அலசி, வெறும் தண்ணீரை ஒருமுறை கொதிக்கவைத்து ஊற்றிவிட்டு, வெளிப்புறத்தையும் அடியையும் துணியால் துடைத்த பிறகு கேத்தலை அடித்தட்டில் வையுங்கள்.