எண்ணெய்த் துளியின் போர்வை

நேயர்களுக்கு வணக்கம். இன்று காலை வீட்டில் ஒரு விளையாட்டு. மருந்துக்கடையில் கிடைக்கும் வைட்டமின் ஈ மாத்திரையை ஊசியால் குத்தி, ஒரு டம்ளர் தண்ணீரில் பிழிந்தேன். கலக்கிக் கலக்கிக் கை வலித்ததுதான் மிச்சம். பாதி ஸ்பூனில் ஒட்டிக்கொண்டது, மீதி மேலே மிதந்தது.

குடலுக்குள்ளும் இதே பாடுதான். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. பித்தநீர் அந்த எண்ணெயைப் பொடிப்பொடியாக உடைத்துக் கொடுத்தால்தான் குடல் செல்கள் உள்ளே எடுத்துக்கொள்ளும்.

அந்த உடைக்கும் வேலையை இயந்திரத்திலேயே முடித்து, எண்ணெயை நுண்துளிகளாகத் தண்ணீரில் கலந்து வைப்பதுதான் நானோ எமல்ஷன். ஹோமோஜினைஸ் செய்த பாக்கெட் பாலில் ஆடை சரியாகப் படியாது, கவனித்திருப்பீர்கள். கொழுப்புத் துளிகளை ஒரு மைக்ரானுக்கும், அதாவது 1000 நானோமீட்டருக்கும், கீழே நசுக்கியிருப்பார்கள். நானோ எமல்ஷனில் துளி இன்னும் சிறிது, பெரும்பாலும் 20 முதல் 200 நானோமீட்டர்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மில்லி எண்ணெயை 100 நானோமீட்டர் துளிகளாக்கினால் மேற்பரப்பு மொத்தம் 60 சதுர மீட்டர். ஏறத்தாழ 650 சதுர அடி, ஒரு சின்ன ஃபிளாட்!

அவ்வளவு பரப்பையும் ஏதாவது போர்த்தியாக வேண்டும், இல்லாவிட்டால் துளிகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். லெசித்தின், பாலிசார்பேட் எல்லாம் இந்தப் போர்வைகள்தான். துளி எவ்வளவு சின்னது என்று எல்லோரும் கேட்கிறார்கள். போர்வை எது என்று கேட்பவர்கள் குறைவு.

இரண்டு கதை சொல்கிறேன். 1960களின் தொடக்கத்தில் ஸ்வீடன் மருத்துவர் ஆர்விட் ரெட்லிண்ட், சோயா எண்ணெயை முட்டை மஞ்சள் கருவின் லெசித்தினால் போர்த்தி, வாயால் சாப்பிட முடியாத நோயாளிகளின் ரத்தத்தில் ஏற்றினார். அது இன்றும் ஆஸ்பத்திரிகளில் புழக்கத்தில் இருக்கிறது. அப்புறம் அமெரிக்கா. குறைமாதக் குழந்தைகளுக்கென்று ஊசிவழி வைட்டமின் ஈ ஒன்று 1983ன் இறுதியில் சந்தைக்கு வந்தது, அரசு ஒப்புதல் இல்லாமலே. போர்வை, பாலிசார்பேட் 80ம் 20ம். 38 குழந்தைகள் இறந்தபின் 1984 ஏப்ரலில் திரும்பப் பெற்றார்கள். பழி வைட்டமினைவிடப் பாலிசார்பேட் மேல்தான் அதிகம் விழுந்தது. பாலிசார்பேட் 80 ஐஸ்கிரீமிலும் உண்டு. வாய்வழி கொஞ்சம் போவது வேறு, பிஞ்சு ரத்தக்குழாயில் நேரே ஏறுவது வேறு.

நானோ வைட்டமின் துளிகளை ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்கள்மேல் சோதித்ததாக வரும் செய்திகளையும் இந்தக் கண்ணோடுதான் படிப்பேன். தட்டில் செல்லுக்கும் துளிக்கும் நடுவே எதுவும் இல்லை. உடம்பிலோ கல்லீரல் காவல் இருக்கிறது. வைட்டமின் ஈ எட்டு வடிவங்களில் உண்டு. கல்லீரலிலுள்ள ஒரு புரதம் அவற்றில் ஆல்ஃபா டோகோஃபெராலையே முக்கியமாகப் பொறுக்கி ரத்தத்துக்கு அனுப்புகிறது, மற்றவை பெரும்பாலும் கழிந்துபோகும். துளியை எவ்வளவு பொடித்தாலும் அந்தத் தேர்வு மாறாது.

டம்ளரில் மிதந்த எண்ணெயை என்ன செய்தீர்கள் என்கிறீர்களா? ஒரு முட்டை மஞ்சள் கருவை விட்டு அடித்தேன். வெள்ளையாகக் கலந்துவிட்டது.